இடனறிதல்

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. குடியிருக்கும் இல்லம் ஒன்று. அறம், பொருள், இன்பம் என்னும் வரிசையில் நான்காவதாக நிற்கும் விடுதலைப் பேறு மற்றொன்று. இரண்டும் ‘விடு’ என்னும் ஒரே வேரில் முளைத்தவை என்பர். பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்த நம் போன்றோர்க்கு இச்சொல்லின் வேரை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. ஒன்றை விட்டாலன்றி மற்றொன்றை அடைதல் இயலாது என்பதை நாம் வாழ்ந்தே அறிந்திருக்கிறோம். ஆயினும், விடுகின்றவர் யார், அடைகின்றவர் யார் என்னும் வினாவை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. அவ்வினாவையே ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

புனே நகரில் தமிழர் குடியேறிய வரலாற்றை நோக்கினால், முன்னோர் பலர்க்கு வீடு தேரும் தொல்லை மிகுதியாக இருந்ததில்லை என்பது புலப்படும். வேலையே வீட்டிற்கும் வழிகாட்டிற்று. கட்கியில் 1869-இல் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. அதனையும் படைமுகாமையும் சார்ந்தே குடியிருப்புகள் வளர்ந்தன. பிம்பிரியில் 1954-இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் தோன்றியபோது பணியாளர் குடியிருப்பும் அதன் அருகிலேயே அமைந்தது. நகரின் உள்ளே ராஸ்தா பேட் தென்னாட்டவர் செறிந்து வாழும் இடமாயிற்று. அங்குள்ள சர்தார் முதலியார் சாலையின் பெயர்ப்பலகையைக் கண்டதும், புதிதாக வந்த தமிழன் ஒரு கணம் நின்று படித்துவிட்டே நடப்பான். ‘பேட்’ என்பது நம் பேட்டைதான் என்பதும் அவனுக்கு அப்போது விளங்கும்.

1990-களின் இறுதியிலிருந்து ஹிஞ்சவடியில் கணினி நிறுவனங்கள் பெருகின. அவை ஊதியம் தந்தன, குடியிருப்பு தரவில்லை. எங்கு வாழ்வது என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. உரிமை வந்த இடத்தில் பொறுப்பும் வருமன்றோ?

சில ஆண்டுகளுக்கு முன் எமக்கு ஹிஞ்சவடியில் புது வேலை கிடைத்தது. திருச்சியிலிருந்து நால்வர் வந்தோம்: யாம், எம் துணைவியார், ஐந்தாம் வகுப்பில் சேரவிருந்த மகள், எழுபதைக் கடந்த எம் அன்னையார். ஏறத்தாழ ஒரே வாடகையில் இரு வீடுகள் அமைந்தன. ஒன்று ஹிஞ்சவடியில் பதினோராம் மாடியில் இருந்தது. மின்தூக்கி உண்டு, அலுவலகத்திற்கு நடந்தே செல்லலாம், கோடையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்க வேண்டும். மற்றொன்று ராஸ்தா பேட்டில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. அங்கு மின்தூக்கி இல்லை. ஆனால் பள்ளி, மருத்துவமனை, காய்கறிக் கடை யாவும் நடை தொலைவில் இருந்தன. கீழ்வீட்டில் தமிழ்க் குடும்பம். அலுவலகமோ சுமார் 20 கிலோமீட்டர். நெரிசல் மிகுந்த நாளில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி.

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழித்தோம். இம்முறைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சமய போதகராக இருந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர், ஷெல்பர்ன் பிரபுவிடம் புதுப் பணி ஏற்று இடம் பெயர்வதா என்று தயங்கி, பெஞ்சமின் பிராங்க்ளினிடம் அறிவுரை கேட்டார். 1772 செப்டம்பர் 19-இல் பிராங்க்ளின் விடை எழுதினார். எதனைத் தேர்வது என்று தம்மால் கூற இயலாது, எவ்வாறு தேர்வது என்று கூற இயலும் என்பது அவ்விடையின் சாரம். தாளை இரண்டாகப் பிரித்து, ஏற்கும் காரணங்களை ஒரு புறமும் மறுக்கும் காரணங்களை மறுபுறமும் மூன்று நான்கு நாள் எழுதிவர வேண்டும். பின்னர், சம எடையுள்ளவற்றை இருபுறமும் அடித்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். பிரீஸ்ட்லி 1773-இல் இடம் பெயர்ந்தார். அடுத்த ஆண்டு அப்புதிய இடத்தில்தான் உயிர்வளியைப் பிரித்துக் கண்டார். ஆனால் அவருக்கு மனைவி மேரியும் சிறு குழந்தைகளும் இருந்தனர். பிராங்க்ளினின் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எம் தாளிலும் அக்குறையே இருந்தது. மூன்றாம் நாள் அதனைப் படித்த துணைவியார், “திருச்சியில் நான் விட்டு வந்த பள்ளிக்கூட வேலை இதில் எந்தப் பக்கம் இருக்கிறது?” என்று வினவினார். எந்தப் பக்கமும் இல்லை. மீண்டும் நோக்கியபோது, ஹிஞ்சவடி வீட்டின் நன்மைகளுள் பெரும்பாலானவை எமக்கே உரியன என்பதையும், அதன் குறைகளுள் பெரும்பாலானவை மற்ற மூவர்க்கே உரியன என்பதையும் கண்டோம். எம் மூன்று மணி நேரத்தை அவர்தம் தனிமைக்கு நேராக வைத்து, சமம் என்று அடித்திருந்தோம்! ஒருவன் தன் இலாபத்தைத் தன் நட்டத்தோடு கழித்துக்கொள்வது கணக்கு. தன் இலாபத்தைப் பிறர் நட்டத்தோடு கழித்துக்கொள்வது கணக்கு அன்று. அது அறத்தின்பாற்பட்ட வினா.

அன்னையாருக்குத் தமிழ் பேசும் அண்டை வீடு வேண்டும் என்று யாமே எழுதியிருந்தோம், அவரைக் கேட்டிலோம். கேட்டபோது அவர் சொன்னது வேறு. “பேச்சுத்துணை இல்லாவிட்டால் என்ன, நான் சமாளித்துக்கொள்வேன். நீ வீட்டில் இருக்கிற நேரத்துக்கு மட்டுமா வீடு பார்க்கிறாய்? நீ இல்லாத நேரத்துக்கும் அதுதானே வீடு?” என்றார். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் உதவிக்கு யாரை அழைப்பது என்பதே அவர் கவலையாக இருந்தது.

திருக்குறளில் 50-ஆம் அதிகாரம் இடனறிதல். அரசனுக்குப் போர்க்களம் தேரும் முறையைக் கூறுவது அது. ஆழ்நீரில் எதனையும் வெல்லும் முதலையை, நீரை விட்டு நீங்கினால் பிற உயிர்கள் வென்றுவிடும் என்று வள்ளுவர் அங்கே காட்டுகிறார். வலிமை உயிரிடம் மட்டும் இருப்பதன்று, இடத்திலும் இருப்பது. திருச்சியில் ஒரு தெருவையே ஆண்ட மூதாட்டி, மொழி தெரியாத பதினோராம் மாடியில் ஒரு மருந்துச் சீட்டுக்கும் பிறர் கையை எதிர்பார்க்க நேரும். சம்பாதிப்பவனோ எங்கு இருப்பினும் தன் நீரைத் தன்னோடு அலுவலகத்திற்கு எடுத்துச் செல்கிறான். ஆகவே வீடு தேரும்போது, நீரை இழப்பவர் எவர் என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும்.

இதனால், தொலைவில் உள்ள வீடே எவர்க்கும் சிறந்தது என்று கூறவில்லை. கணவன், மனைவி இருவர்க்கும் ஒரே பகுதியில் வேலையானால் அருகிலுள்ள வீடே அறமாதல் கூடும். உழைப்பவரின் களைப்பும் குடும்பத்தின் இழப்பே. நாளொன்றுக்கு மூன்று மணி என்றால், 22 வேலைநாள் கொண்ட மாதத்திற்கு 66 மணி. யாம் ராஸ்தா பேட்டைத் தேர்ந்தோம். அந்த 66 மணியைப் பேருந்திலேயே செலுத்தினோம். பல இரவுகளில், வீடு சேரும்போது மகள் உறங்கிவிட்டிருந்தாள்.

மகாராட்டிரத்தில் வாடகை வீட்டுக்குப் பெரும்பாலும் 11 மாத ‘லீவ் அண்ட் லைசன்ஸ்’ ஒப்பந்தமே எழுதுவர். இந்த ஒப்பந்தத்தால் குடியிருக்க இசைவு கிட்டுமேயன்றி, வீட்டின் மேல் உரிமை பிறப்பதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அலைச்சலைப் பலரும் நொந்துகொள்வர். ஆயினும், எடுத்த முடிவை மீண்டும் எண்ணிப் பார்க்க அது ஒரு வாய்ப்பு. முதல் ஒப்பந்தம் முடிந்தபோது அதே போன்று ஒரு தாளில் கோடு கிழித்து, எழுதுகோலை முதலில் மகளிடம் கொடுத்தோம். ராஸ்தா பேட்டின் குறைகள் என்னும் பக்கத்தில் அவள், “அப்பா ஏழு மணிக்கு வருவதில்லை” என்று எழுதினாள்.

அவ்வரியை அடிப்பதற்கு எதிர்ப்பக்கத்தில் சம எடையுள்ள வரி கிடைக்கவில்லை. நால்வரும் பேசி அவ்வீட்டிலேயே இருக்க முடிவு செய்தோம். ஆனால் அவ்வரியை அடிக்காமல் விட்டோம். வாரத்தில் இரு நாள் வீட்டிலிருந்தே பணி செய்ய அலுவலகத்தில் இசைவு கேட்டுப் பெற்றோம். ஒருவர் முடிவால் மற்றொருவர்க்கு நேரும் இழப்பு, முடிவு சரியாயினும் கழிந்துபோவதில்லை. அது கடனாக நிற்கும். கடன் என்பதற்குக் கடமை என்றும் தமிழில் பொருள் உண்டு.