யாரும் காணாத விரிசல்

1876-இல் ஜப்பானிய அரசு பொது இடங்களில் வாள் தரிப்பதைத் தடை செய்தது. வாள் வடித்த கொல்லர் பலர் சமையற்கத்திகள் செய்யத் தொடங்கினர். உயிர் பறிக்கப் பயன்பட்ட கலை, அன்னம் படைக்கத் துணையாயிற்று.

இன்று அத்தகைய கத்திகளைப் பொழுதுபோக்காக வடிப்போர் பல நாடுகளில் உள்ளனர். மென்மையான இரும்புடன் கடினமான எஃகை உலையில் காய்ச்சி, அடித்து ஒன்றாக்குகின்றனர். பின்னர் அலகை ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி நீரில் தோய்க்கின்றனர். அக்கணத்தில் சில வேளைகளில் மயிரிழை போன்ற விரிசல் விழுவதுண்டு. மெருகேற்றிவிட்டால் அது எவர் கண்ணிலும் படாமற்போகலாம். விலை கொடுப்பவரும் இல்லை, சோதிப்பவரும் இல்லை. நண்பருக்கு அளிக்கும் பரிசுதான். கொடுத்துவிடலாமா?

'பொழுதுபோக்குத்தானே!' என்று மனம் வாதாடும். ஆனால் உடைந்த துணுக்கு உணவில் விழக்கூடும் என்பது ஒருபுறமிருக்க, பிறர் காணாத விரிசலை அவன் கண்டுவிட்டான். அறிந்தபின் அறியாதவன்போல் கொடுப்பது, வாய் திறவாமல் சொல்லும் பொய்யாகும். கூலியும் புகழும் கிட்டும் இடத்தில் நாம் நேர்மையைப் போற்றுகிறோமா, பயனைப் போற்றுகிறோமா என்பது நமக்கே விளங்குவதில்லை. இரண்டும் இல்லாத இடத்தில் விளங்கிவிடுகிறது.

பல நாள் உழைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு அவன் மீண்டும் உலையை மூட்டட்டும். நம் அன்றாடப் பணிகளில் நாம் மட்டுமே அறிந்த விரிசல்கள் எத்தனை?