தொட்டியில் ஒரு மலை

வட வியட்நாமின் தாய் நுயென் மாகாணத்தில், சுண்ணாம்புக் குன்றுகளின் இடுக்குகளில் வளர்ந்த ஒரு ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுக்குத் தாவரவியலார் 1999இல்தான் பெயர் வைத்தார்கள்: பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ். பெரிய இளஞ்சிவப்புப் பூ. பெயர் வந்த சில ஆண்டுகளுக்குள் விற்பனைக்காகச் செடிகள் பெயர்த்தெடுக்கப்பட்டு, காட்டில் அது அநேகமாக இல்லை என்று ஆய்வாளர்கள் எழுதும் நிலை வந்துவிட்டது. இந்தப் பேரினத்தின் காட்டுச் செடிகளை நாடு விட்டு நாடு விற்கக் கூடாது என்று காட்டுயிர் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தம் 1990இலேயே தடுத்திருந்தது, தடை காப்பாற்றவில்லை. ஆனால் இன்று அதே இனம், விதையிலிருந்து வளர்க்கப்பட்டு, பல நாட்டுப் பசுமைக்குடில்களில் பூக்கிறது. அப்படியானால் அது பிழைத்ததா, இல்லையா? தோட்டக்காரரின் கேள்வி போலத் தோன்றினாலும் இது தத்துவக் கேள்வி. ஓர் உயிரின் இயல்பு அதற்குள்ளேயே இருக்கிறதா, அது சார்ந்து நிற்கும் இடத்திலும் இருக்கிறதா? இடத்திலும்தான் இருக்கிறது என்பது என் முடிவு. அதனால்தான், இடத்தைக் கைவிட்டு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை என்கிறேன்.

சுண்ணாம்புப் பாறை மழையில் கரையும். கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இறங்கும் நீர் பாறையை அரித்துக் குழிகளை உண்டாக்குகிறது. அவற்றில் உதிர்ந்த இலை மக்கி ஒரு கைப்பிடி மண் சேர்கிறது. செடி வேர்விடுவது அதில்தான். அங்கே ஈரம் இருக்கும், நீர் தேங்காது. மக்கும் இலையின் அமிலத்தைப் பாறையின் காரம் ஓயாமல் தணித்துக்கொண்டிருக்கும். பல ஆர்க்கிட்களுக்கு உள்ளதுபோல் நீரைச் சேமிக்கும் தடித்த தண்டு இதற்குக் கிடையாது. காய்ந்தால் வாடும், ஊறினால் வேர் அழுகும். ஆகவே இதை வளர்ப்பவர்கள் மரப்பட்டைத் துண்டுகளோடு சிப்பித் தூளோ டோலமைட்டோ கலக்கிறார்கள். பட்டை மக்கி அமிலம் ஏறியதும், ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, செடியைத் தொட்டியிலிருந்து உருவி, அழுகிய வேரை நறுக்கி, புதுக் கலவையில் நடுகிறார்கள். மலை தானாகச் செய்துவந்ததை ஒரு மனிதர் நாள் குறித்துச் செய்துகொண்டிருக்கிறார். மலைக்கு அலுப்பு வராது; மனிதருக்கு வரும்.

சைவ சித்தாந்தம் உயிரின் இயல்பைச் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்கிறது. பளிங்கு தன்னருகே உள்ள பொருளின் நிறமாகத் தோன்றும் என்பது அதற்குச் சொல்லும் உவமை. இதை வைத்தே என்னை மறுக்கலாம்: நிறம் மாறினாலும் பளிங்கு பளிங்குதானே, மலையை விட்டு வந்தாலும் செடி அதே செடிதானே? செடிக்கு இந்த உவமை பாதி தூரம்தான் வரும். பளிங்கு உருவாகி முடிந்த பொருள். ஆர்க்கிட் விதையோ தூசி போன்றது. முளைக்கத் தேவையான உணவு அதற்குள் இல்லை. பூஞ்சை ஒன்று உள்ளே புகுந்து ஊட்டினால்தான் காட்டில் அது முளைக்கும். முளைவிடும் முன்பே சார்பு தொடங்கிவிடுகிறது. பூவும் அப்படியே. செருப்பின் முனை போன்ற, தேன் இல்லாத அதன் பைக்குள் பூச்சி வழுக்கி விழுகிறது. உட்புற மயிர்களைப் பற்றி ஏறி, பின்பக்கத்துச் சிறு இடுக்கில் உடலை நெருக்கி வெளியேறும்போது மகரந்தம் அதன்மேல் அப்பிக்கொள்கிறது. அந்தப் பூச்சியின் உடல் அளவு பூவின் வடிவத்திலேயே பதிந்திருக்கிறது. ஆய்வகத்தில் பூஞ்சைக்கு ஈடாகச் சர்க்கரை சேர்த்த கூழ், பூச்சிக்கு ஈடாக ஒரு குச்சி, பாறைக்கு ஈடாகச் சிப்பித் தூள். இத்தனை ஈடு தேவைப்படுகிறதென்றால், சார்பு எங்கும் போய்விடவில்லை என்றுதான் பொருள்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாஃபியோபெடிலம் டெலனாட்டி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியட்நாமிலிருந்து பிரான்சுக்குப் போனது. பிழைத்த ஒரே செடியின் வழித்தோன்றல்களே பல பத்தாண்டுகள் உலகத் தோட்டங்களில் இருந்தன. காட்டில் அதை மறுபடி கண்டது 1990களில்தான். மலை எது என்றே தெரியாத காலத்தில் செடி வாழ்ந்ததல்லவா? வாழ்ந்தது; வளர்த்தவர்களின் பொறுமையை நான் வணங்குகிறேன். ஆனால் காடு காட்டியது என்ன? நெருங்கிய உறவினங்கள் பெரும்பாலும் சுண்ணாம்பை நாட, இது கிரானைட் போன்ற அமிலப் பாறைகளில் நின்றது. செடியைக் கையிலேயே வைத்திருந்தும் இதை நாம் அறியவில்லை. அவ்வளவு காலமும் காட்டில் அந்த இனம் யார் தயவுமின்றித் தன்னைக் காத்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வளர்ப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. தொட்டியில் இருப்பது அடைக்கலப் பொருள். உரியவரிடம் திருப்பித் தரும்வரை காப்பதுதான் அடைக்கலம். இடமும் நிலையற்றதுதானே, சுண்ணாம்புப் பாறையே பழங்கடல் உயிர்களின் ஓடுகள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த மாற்றத்தோடு தாமும் மாற உயிர்களுக்கு மிக நீண்ட காலம் கிடைத்தது. சிமெண்டுக்காக வெடிவைக்கும் குவாரி ஒரு குன்றை ஒரே தலைமுறைக்குள் தீர்த்துவிடுகிறது. இந்தக் குன்றுகளோ தீவுகள்போல் தனித்து நிற்பவை; ஒன்றில் உள்ள இனம் அடுத்ததில் இல்லாமலிருக்கலாம். அந்த ஒரு குன்று போய்விட்டால், பசுமைக்குடிலில் பூக்கும் ஆயிரம் செடிகளுக்கும் திரும்பிப் போக ஓர் இடுக்குகூட இராது.