தாழியின் தகுதி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வெண்ணெய் களவில் அகப்படாமல் ஓடிவந்த கண்ணனைத் தன் தயிர்த்தாழிக்குள் மறைத்துவைத்தவன் ததிபாண்டன். தேடி வந்த யசோதைப்பிராட்டியிடம் அவன் தன் அகத்துக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினான். மோக்ஷம் தந்தாலொழியத் தாழியைத் திறவேன் என்று கண்ணனிடம் வழக்காடி, தனக்கு மட்டுமன்றித் தாழிக்கும் அதைப் பெற்றான். திருக்கோளூர்ப் பெண்பிள்ளை எம்பெருமானாரிடம் விண்ணப்பித்த 81 வார்த்தைகளிலும் இவனுக்கு இடமுண்டு.

ததிபாண்டன் பெற்றது நமக்கு ஒருவாறு விளங்குகிறது. அவன் கேட்டான்; விடாப்பிடியாய் நின்றான். தாழி என்ன செய்தது? ஞானமில்லை, பக்தியில்லை, தனக்குள் இருப்பவன் யாரென்றும் அது அறியாது.

வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலித்தே பணிக்காலத்தைக் கழித்த நம்மை இக்கேள்வி எளிதில் விடுவதில்லை. வந்தவரிடம் 'ஈடு என்ன வைத்திருக்கிறீர்?' என்பதே நம் முதற்கேள்வியாக இருந்தது. இருப்பவருக்கே கொடுத்துப் பழகினோம். ஓய்வு பெற்ற பின்னும் அப்பழக்கம் அகலவில்லை. ஸேவித்த திவ்யதேசங்கள் எத்தனை, அநுஸந்தானம் தவறாத நாள்கள் எத்தனை என்று மனத்துக்குள் ஒரு பேரேடு வளர்கிறது. எம்பெருமான் முன் வைக்க ஈடு சேர்க்கிறோம். நம்பிள்ளையின் ஈட்டைக் காலக்ஷேபத்தில் கேட்டுக்கொண்டே இந்த ஈட்டையும் சேர்த்து வருகிறோம் என்பதை எண்ணினால் வெட்கமாகவே இருக்கிறது.

தாழி வேறொன்று சொல்கிறது. ஸ்ரீவைகுண்டத்திற்கு அருகே, தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில், இறந்தோரை இட்டுப் புதைத்த தாழிகள் நூற்றுக்கும் மேலாக அகழ்ந்தெடுக்கப்பட்டன. வெண்ணெய் நிறைந்ததும் தாழி. உயிர் பிரிந்த உடலை ஏற்றதும் தாழி. இன்று குயவரின் சக்கரத்தை மின்விசை சுழற்றினாலும் கலத்தின் வடிவம் மாறவில்லை. கொள்வதற்கு ஒரு வெற்றிடம், அதைச் சூழ ஒரு சுவர், ஏற்பதற்கு ஒரு வாய். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது கலமாகாது. சுவரும் வாயும் அந்த வெற்றிடத்தின் பொருட்டே அமைந்தவை. தாழிக்குள் இடம் இருந்தது. கண்ணன் அதில் புகுந்தான். வேறு ஈடு எதையும் அவன் கேட்கவில்லை.

வெறுமையே போதுமென்னில், அநுஷ்டானம் வேண்டாவோ? வேண்டும். களிமண் உருண்டைக்கும் சொந்தமாக ஒன்றுமில்லை; ஆயினும் அதில் தயிரை வார்க்க இயலாது. சக்கரத்தில் எழும் பானைக்கு வாயும் கழுத்தும் அமைந்துவிடும், அடி இராது. அதை அறுத்தெடுத்துச் சற்றே உலரவிட்டு, உள்ளே ஒரு கல்லை அணைத்துப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டியே குயவர் அடியைக் கூட்டுவார். பிறகு சூளைத்தீ. நாள்தோறும் நாம் இயற்றும் நியமங்கள் அவ்வாறு எழும் சுவரே. வருவதற்கு நாம் கொடுக்கும் விலை அன்று. அந்தச் சுவரையும் பானை தானாக எழுப்பிக்கொள்ளவில்லை, வனைந்தவன் வேறொருவன். ஆகையால் சுவரைக் காட்டிப் பெருமை பேசவும் பானைக்கு வழியில்லை.

வனைந்த கைக்கும் இது பொருந்தும். குறும்பறுத்த நம்பி தம் குலத்தொழிலை விடாமல், வனைகையில் கையில் ஒட்டிய மண்ணையே பூவாக்கித் திருவேங்கடமுடையானுக்கு ஸமர்ப்பித்தார். தொண்டைமானின் பொற்பூக்களினும் அவை திருவுள்ளத்துக்கு உகந்தனவாயின என்பர் பெரியோர். இன்றும் திருமலையில் குலசேகரப்படியைக் கடந்து அவன் திருமுன்பே செல்லும் தயிரன்னம் புது மண்கலத்திலேயே செல்கிறது. பொன்னுக்கும் வெள்ளிக்கும் அங்கே குறைவில்லை.

பேரேட்டை மூடிவைப்பது நமக்கு இன்னும் கைவரவில்லை. ஆயினும் காலையில் ஸேவாகாலம் முடிந்து எழும்போது 'இன்று இவ்வளவு சேர்ந்தது' என்று மனம் எழுதத் தொடங்கினால், அந்தத் தாழியை நினைத்துக்கொள்கிறோம். அது கேட்கவுமில்லை, கணக்கு வைக்கவுமில்லை. அதற்காகக் கேட்க ஒரு ததிபாண்டன் இருந்தான். நமக்காகக் கேட்க நம் ஆசாரியர்கள் இருக்கிறார்கள்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.