சுவைக்கு நீதிமன்றம் உண்டா?

படம் ஒன்று, ஏடுகள் இரண்டு. ஓர் ஏடு அதைத் தலைமேல் தூக்கி வைத்துக் கூத்தாடுகிறது. மற்றோர் ஏடு தரையில் போட்டு மிதிக்கிறது. எழுதிய இருவரும் கற்றவர்கள். திரைக்கலையின் நுணுக்கம் தெரிந்தவர்கள். ஒரே கொட்டகையில் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்து பார்த்தவர்களாகவும் இருக்கலாம். எவரை நம்புவது?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற ஒரு மாலையில், திருவொற்றியூர்ப் படிப்பகம் ஒன்றில் இளந்தோழர் ஒருவர் நம்மிடம் இப்படிக் கேட்டார். நாம் வாய் திறப்பதற்குள் இன்னொரு தோழர் விடையளித்துவிட்டார்: "இதில் என்ன ஆராய்ச்சி? அவரவர் சுவை அவரவர்க்கு!" எல்லோரும் சிரித்தனர். பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று. நமக்கோ அந்த விடை முள்ளாய்த் தைத்தது.

ஏன் என்கிறீர்களா? 'அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு' என்று ஒருவர் கூறியிருந்தால், அந்தத் தோழர்கள் அவரை எளிதில் விட்டிருப்பார்களா? நாள் பார்ப்பவரிடம், சாதி பார்த்துப் பெண் கொடுப்பவரிடம், தலைவிதி பேசுபவரிடம், 'காரணம் கூறு!' என்று மல்லுக்கு நிற்பவர்களல்லவா நாம்! கோயில் வாயிலில் காரணம் கேட்ட நாக்கு, கொட்டகை வாயிலில் மட்டும் மடங்கிக் கொள்வானேன்? போதாக்குறைக்கு இப்போது ஒவ்வொரு படத்துக்கும் ஐந்துக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு என்று நட்சத்திரம் வேறு போடுகிறார்கள். நட்சத்திர பலனை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் நட்சத்திரம் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குகிறோம்!

அதற்காக, ஒரே தீர்ப்புத்தான் செல்லும், மாறுபட்டுப் பேசுவோர் மடையர் என்று கிளம்புவோமா? அது பழைய வேதத்தைப் பரணில் போட்டுவிட்டுப் புதிய வேதம் எழுதும் வேலை. அதுவும் ஆகாது.

இந்த இக்கட்டுக்கு ஒரு படமே வழி காட்டுகிறது. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னைத் துறைமுகப் பகுதியில் குண்டு வீசிற்று. அந்நாளைப் பின்புலமாகக் கொண்டு ஏ.வி.எம். நிறுவனத்தார் 1954-இல் வெளியிட்ட படம் 'அந்த நாள்'. எஸ். பாலசந்தர் இயக்கினார், சிவாஜி கணேசன் நடித்தார். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. அன்றைய தமிழ்நாட்டில் பாட்டில்லாப் படம் உப்பில்லாப் பண்டம்! ஏடுகள் பாராட்டின, தேசியத் திரைப்பட விருதில் சான்றிதழும் கிடைத்தது, வசூலோ படுத்துவிட்டது. இதைக் காட்டி, 'பாமரனுக்குச் சுவை தெரியாது' என்று இன்றும் பேசுவோருண்டு. நாம் அப்படிப் பேசமாட்டோம். பகலெல்லாம் மூட்டை சுமந்தவன், பாட்டுக் கேட்கலாமென்று காசு கொடுத்து உள்ளே வந்தான்; பாட்டைக் காணோம்; சினந்தான். அவன் சினம் நியாயமானது. ஆனால் அது படத்தின் தரத்தைப் பற்றிய தீர்ப்பன்று. தான் தேடி வந்த வகை இதுவன்று என்ற அறிவிப்பு. துப்பறியும் படத்தில் பாட்டைத் தேடுவதும், நகைச்சுவைப் படத்தில் தத்துவத்தைத் தேடுவதும், மாங்காய் இனிக்கவில்லை என்று மரத்தின்மீது வழக்குப் போடுவதும் ஒன்றே.

அந்தப் படத்தின் கதையைப் பாருங்கள். வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறார். ஐயத்துக்குரிய ஒவ்வொருவரும் துப்பறியும் அதிகாரியிடம் ஒவ்வொரு கதை சொல்கின்றனர். ஒன்றுக்கொன்று முரண். அதிகாரி, 'அவரவர் கதை அவரவர்க்கு' என்று தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாரா? இல்லை! சொன்னவர் எங்கே நின்றார், எதைக் கண்டார், எதனால் இப்படிச் சொல்கிறார் என்று துருவினார். படத்தின் தரம், கொலையாளியைப் போல ஒரே விடையில் அகப்படுவதன்று, ஒப்புகிறோம். ஆயினும் துருவும் முறை நமக்கு வேண்டும்.

அந்த முறையோடு காசிமேட்டுக்கு வருவோம். 2018 அக்டோபர் 17-ஆம் நாள் வெற்றிமாறனின் 'வடசென்னை' வெளிவந்தது. இயல்பு, இயல்பு என்று புகழ்ந்தனர் பலர். வன்முறை மிகுதி, பாத்திரங்கள் மிகுதி என்று குறைப்பட்டனர் சிலர். மீனவ மக்களிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பிற்று. இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். படகில் நடக்கும் காதற்காட்சி நீக்கப்பட்டது.

இங்கே மூன்று குரல்கள். 'இயல்பாக இருக்கிறது' என்பது சுவையைப் பற்றிய சொல்போலத் தோன்றும். உண்மையில் அது செய்தியைப் பற்றிய சொல். இப்படித்தான் அங்கே வாழ்கிறார்கள் என்ற சாட்சியம். மூலக்கொத்தளத்துக்கு வடக்கே வந்தறியாத பேனா, காசிமேட்டு வாழ்வுக்கு எப்படிச் சாட்சி சொல்லும்? விடியுமுன் வலையிழுத்து, ஏலம் முடிந்து, கடனை எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறவன், 'எங்கள் குப்பத்தில் எல்லோர் இடுப்பிலும் கத்தி இல்லை' என்கிறான். அவன் கண்ணால் கண்டவன். செய்தியைப் பொறுத்தவரை அவன் சொல்லே மேல்.

ஆனால் சாட்சியே நீதிபதியாகிவிட முடியுமா? 'படகு எங்கள் தொழிலிடம், அதில் இக்காட்சி கூடாது' என்றனர். இது செய்தியன்று, மனம் புண்பட்டது என்ற முறையீடு. புண்பட்டது மெய், அதைக் கேட்பது பண்பு. ஆயினும் புண்பட்டோம் என்பதே கத்தரிக்கோலுக்குக் காரணமாகுமானால், நாளைக்குக் கோயிலைக் காட்டிய படத்தின்மீதும் இதே முறையீடு வரும். அன்று நாம் எந்த முகத்தோடு எதிர்ப்போம்? எழுதக் கைகூசுகிறது. அந்தக் குப்பத்து மக்கள் நம் மக்கள். ஆனாலும் ஆளுக்கொரு தராசு வைத்திருப்பவன் பகுத்தறிவுவாதியல்லன், வணிகன்.

மூன்றாவது குரல்தான் நமக்கு வியப்பளித்தது; அதாவது, எழாமல் போன குரல்! கரையோர மக்களை அப்புறப்படுத்தும் திட்டத்தை அந்தப் படத்தின் ராஜன் எதிர்க்கிறான். நிலம் யாருக்கு என்பதே கதையின் முதுகெலும்பு. நாம் படித்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை கத்திக்குத்துகளைக் கணக்கெடுத்தன. நிலத்தை ஒரு வரியில் தாண்டின. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் அனல்மின் சாம்பல் படிந்ததை எண்ணூர் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதம் ஓர் இரவில், பெரியகுப்பத்துக்கு அருகே குழாயிலிருந்து அம்மோனியா கசிய, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மக்கள் ஓடினர். அன்று அவர்கள் மூச்சைத் திணறடித்தது கத்தியன்று, காற்று! வடசென்னையை 'இயல்பாக' காட்டிய படம் எது என்று தீர்ப்பளிக்குமுன், இதையும் அறிந்திருக்க வேண்டாமா?

இனி, நமக்கே கசக்கும் இடம். 2021 ஜூலையில் பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்தது. வடசென்னையின் குத்துச்சண்டை மரபு, நெருக்கடி நிலைக்காலம், கழக ஆட்சி கலைக்கப்பட்ட செய்தி, கறுப்பு சிவப்புக் கரையோடு சிறை செல்லும் ரங்கன் வாத்தியார். பெருந்தொற்றுக் காலமாதலால் படம் கொட்டகைக்கு வராமல் இணையவழி வீட்டுக்குள் வந்தது. தண்டையார்ப்பேட்டை அகஸ்தியா அதற்கு முந்திய ஆண்டே மூடப்பட்டிருந்தது. விசிலும் இல்லை, ஏச்சும் இல்லை. தீர்ப்பு முழுதும் எழுதுகோல் பிடித்தவர்களிடமே விடப்பட்டது. முற்பகுதியைப் பெரும்பாலோர் கொண்டாடினர். பிற்பகுதி நீள்கிறது, கபிலனின் வீழ்ச்சியும் மீட்சியும் வழக்கமான விளையாட்டுப் படத்தின் தடத்திலேயே ஓடுகின்றன என்று சிலர் எழுதினர். இராயபுரத்தின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஜெயக்குமாரோ, குத்துச்சண்டைக்கு எம்.ஜி.ஆர். செய்தது மறைக்கப்பட்டது, இது கட்சிப் பிரச்சாரம் என்றார்.

நம் தோழர்கள் பொங்கினர். 1952-இல் 'பராசக்தி' வந்தபோது, தினமணி கதிர் பெயரை 'பரப்பிரம்மம்' என்று மாற்றி அட்டையில் கேலிப்படம் போட்டதை நினைவூட்டினர். கலைஞர் அந்தப் பெயரிலேயே நாடகம் எழுதி மேடையேற்றிய கதையையும் பெருமையோடு சொன்னோம். சரி. அந்தக் கேலிப்படத்தில் நாம் கண்ட குற்றம் என்ன? படத்தை எடைபோடாமல், படம் நின்ற பக்கத்தை எடைபோட்டது என்பதுதானே!

அப்படியானால், 'சார்பட்டா'வின் பிற்பகுதி நீள்கிறது என்று எழுதியவரை, 'கொடியைக் கண்டு எரிச்சல்' என்று நாம் முத்திரை குத்தியது எந்தக் கணக்கில் சேரும்? அவர் சொன்ன காரணத்தை எத்தனை பேர் படித்தோம்? மறைப்பானேன்: அந்தப் பிற்பகுதியில், சாராயமும் சண்டையுமாகக் கபிலன் உழன்ற அரைமணி நேரத்தில், நாமும் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தோம். மறுநாள் படிப்பகத்தில் வாய் திறக்கவில்லை. கொடி பறந்த படமாயிற்றே!

இதை அந்தத் தோழர்களிடம் சென்ற வாரம் சொன்னோம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. வரும் ஞாயிறு மாலை படிப்பகத்தில் 'பராசக்தி' போடுகிறோம். படம் முடிந்தபின் குறைகளை மட்டும் பேசுவதென்று ஏற்பாடு. ஒவ்வொரு குறைக்கும் காரணம் கூறியாக வேண்டும். முதலில் பேச ஒப்புக்கொண்டிருப்பவர், 'அவரவர் சுவை' என்று அன்று விடையளித்த அதே தோழர்.