பொறுத்தல் என்னும் ஒரு சொல்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



உத்ஸவ காலத்தில் எம்பெருமானை ஸேவிக்க நெடுநேரம் காத்து நிற்கிறோம். "சற்றே பொறுங்கள்" என்று கோயிலார் சொல்லக் கேட்கிறோம். அச்சொல்லின் ஆழத்தைச் சிறிது சிந்திப்போம்.

பொறு என்னும் வினைக்குச் சுமத்தல், காத்திருத்தல், மன்னித்தல் என்னும் பொருள்கள் உண்டு. சுமையைக் குறிக்கும் பொறை என்னும் சொல்லே பொறுமையையும் குறிக்கும். பிறர் வாழ்வைக் கண்டு தாங்கமாட்டாத நெஞ்சின் இயல்பைப் பொறாமை என்றனர் முன்னோர்.

இம்மூன்று பொருளும் ஒருங்கே விளங்கிய இடம் பிராட்டியின் திருவுள்ளம். பூமியில் தோன்றிய அவள் அசோகவனத்தில் சிறைத் துயரைச் சுமந்தாள். சிறிய திருவடியாகிய அநுமன் தன் முதுகில் ஏற்றிச் செல்வதாக விண்ணப்பித்தபோதும் இசையாமல், பெருமாளே வந்து மீட்கும் காலத்துக்குக் காத்திருந்தாள். இராவணன் மாண்ட பின், தன்னை வருத்திய அரக்கியரைத் தண்டிக்க அநுமன் அனுமதி வேண்டினான். அவர்கள் அரசன் ஆணைக்கு உட்பட்டு நடந்தவர்களே என்று தடுத்து, மன்னித்தாள்.

ஆயினும் பொறுத்தல் என்பது பணிந்துபோதல் அன்று. இராவணன் எதிரே வந்து நின்றபோது, ஒரு துரும்பை நடுவே இட்டே அவள் மறுமொழி கூறினாள். துன்பத்தைப் பொறுத்தாள், அதர்மத்துக்கு இசைந்தாளல்லள். இவ்வேற்றுமையை மறந்தோமாகில், கோழைமைக்குப் பொறுமை என்று பெயரிட்டுவிடுவோம்.

கூரத்தாழ்வான் சரித்திரமும் இதையே காட்டும். சோழன் சபையில் தம் கொள்கைக்கு மாறாக ஒப்பமிட மறுத்து, அவர் கண்களை இழந்தார். அதற்குக் காரணமான நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே கிடைக்கவேண்டும் என்று காஞ்சிப் பேரருளாளனிடம் பிரார்த்தித்தார் என்று குருபரம்பரை கூறும். மறுத்தவரும் அவரே, பொறுத்தவரும் அவரே.

அன்பர்களே! திருவீதியில் ஸ்ரீபாதம் தாங்குவோரின் தோள்களைப் பாருங்கள். சுமை அழுத்துகிறது, முகமோ மலர்ந்திருக்கிறது. யாரைச் சுமக்கிறோம் என்று அறிந்தவர்க்குச் சுமையும் கைங்கரியமாகிறது.

இல்லம் திரும்பும்போது, நாம் இன்னும் மன்னியாத ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் பிழையைப் பொறுப்போம். நம் பிழைகளையெல்லாம் எம்பெருமான் பொறுத்தருளியதனாலன்றோ நாம் இன்று அவன் திருமுன்பே நிற்கிறோம்!

சுபம்.