எச்சில்

எங்கள் ஆச்சி இருந்தவரை வீட்டில் யாரும் செம்பில் வாய் வைத்துக் குடித்ததில்லை. அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். மறந்து உதடு பட்டுவிட்டால் அந்தச் செம்பு புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காய்ந்த பிறகுதான் அடுக்களைக்குள் வரும். பல் பட்டது, எச்சில் பட்டது, கால் பட்டது என்று நாள் முழுக்கப் பிரித்துக்கொண்டே இருப்பாள். கண்ணுக்கு மட்டும் அவளிடம் தனி மரியாதை. எண்ணெய்க் குளியலன்று எங்கள் கண்ணில் ஒரு சொட்டு விடும்போது அவள் கை, சாமி விளக்கின் திரியைத் தூண்டும் கைபோல இருக்கும்.

அந்த வீட்டில் வளர்ந்த நான், முப்பது வருஷமாகத் தை மிருகசீரிடத்தன்று எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் கண்ணப்பர் கதை சொல்லி வருகிறேன். பின்னால் கண்ணப்பரான வேடர் திண்ணனார் பொன்முகலியாற்றுத் தண்ணீரை வாயில் முகந்து வந்து காளத்தியப்பருக்கு அபிஷேகம் செய்ததையும், இறைச்சியைப் பல்லால் அதுக்கிப் பதம் பார்த்துப் படைத்ததையும் சொல்லும்போது கூட்டத்தில் கொஞ்சம் நெளிவார்கள். அவர்களுக்காக நான் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்: “அன்பு பெரிசா இருந்தா, ஆசாரக் குறையை ஆண்டவன் பொறுத்துக்கிடுவான்.” என் தம்பிக்கு ஆபரேஷன் ஆகும்வரை அந்த வாக்கியத்தில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

காய்ச்சலுக்குச் சாப்பிட்ட ஒரு மாத்திரை அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் என்றார்கள். வெந்நீர் கொட்டியதுபோல உடம்பெல்லாம் தோல் உரிந்தது. உயிர் தப்பினான். ஆனால் கண்ணீர் சுரப்பு நின்று, கருவிழி காய்ந்து, அதன் மேல் சதை படர்ந்துவிட்டது. நாலு வருஷம் வெளிச்சம், இருட்டு என்ற இரண்டைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியாது. தானமாக வந்த கருவிழியை வைத்தாலும் ஈரமில்லாத கண்ணில் அது தெளிவாக நிற்காது, மங்கிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு சென்னையில் ஒரு கண் டாக்டர் அவன் கண்ணைப் பார்த்து முடித்ததும் வாயைத் திறக்கச் சொன்னார்.

ரோமில் ஸ்ட்ராம்பெல்லி என்ற மருத்துவர் 1960களில் கண்டுபிடித்த முறை அது. கோரைப்பல் ஒன்றைச் சுற்றியுள்ள எலும்போடு சேர்த்து எடுக்கிறார்கள். அதைச் சிறு தகடாக இழைத்து, நடுவில் துளையிட்டு, அக்ரிலிக் குழல் ஒன்றைப் பொருத்துகிறார்கள். உள் கன்னத்துச் சவ்வை வெட்டியெடுத்துக் கண்ணின் மேல் போர்த்தித் தைக்கிறார்கள். பல் தகடு உடனே கண்ணுக்குப் போவதில்லை. இரண்டு மூன்று மாதம் கன்னத்துத் தோலுக்கு அடியில் கிடக்கும். அங்கே சதையும் ரத்தக்குழாயும் அதைப் பற்றிக்கொண்ட பிறகுதான் எடுத்து, கருவிழியில் துளையிட்டு, உள்ளிருக்கும் வில்லையை நீக்கிவிட்டு அந்த இடத்தில் பதிக்கிறார்கள். அந்த மாதங்களில் தம்பி கன்னத்தைத் தடவித் தடவிப் பார்ப்பான். “உள்ள இருக்குக்கா, புளியங்கொட்டை மாதிரி” என்பான்.

ஏன் பல் என்று டாக்டரிடம் கேட்டேன். வெளிப்பொருளை நேராகக் கருவிழியில் பதித்தால் காலப்போக்கில் உடம்பு அதைத் தள்ளிவிடும், அவனுடைய பல்லும் எலும்பும் அவனுக்குச் சொந்தம், சுற்றியிருக்கும் சதை அவற்றோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்கு இன்னொன்றும் பட்டது. ஈறைத் துளைத்துக்கொண்டு பாதி உள்ளே, பாதி வெளியே காலமெல்லாம் நிற்கிற பொருள் பல்தான். கண்ணிலும் அதற்கு அதே வேலை.

அக்ரிலிக் வந்த கதையும் என்னை விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் விமான ஓட்டிகளின் கண்ணுக்குள் விமானத்துக் கூண்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் சில்லுகள் பாய்ந்து, அங்கேயே சும்மா கிடந்தன. கண் அவற்றோடு சண்டை போடவில்லை என்பதை லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர் கவனித்தார். 1949இல் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை வில்லையை வைத்தவர் அவர். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று உடம்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆச்சியின் கணக்கு வேறு.

கட்டைப் பிரித்த அன்று தம்பியின் கண்ணைப் பார்த்து நான் பயந்துபோனேன். வெள்ளை விழி இல்லை. வாயின் உட்புறம்போலவே சிவந்த சதை, நடுவில் மிளகு அளவுக்குக் கறுப்பு வட்டம். அந்த வட்டத்தின் வழியே, குழாய்க்குள் பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் நீட்டிய டம்ளரை வாங்கவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: “விளிம்புல ஒரு பருக்கை ஒட்டியிருக்குக்கா.”

கழுவாத எச்சில் டம்ளர். அவசரத்தில் நான் கவனிக்கவில்லை.

வாயின் தோல் இன்று அவன் கண்ணுக்குத் தோலாக இருக்கிறது. போன இடத்து ரத்தத்தைக் குடித்துப் பிழைத்துக்கொண்டது. ‘நான் எச்சில் படும் இடத்திலிருந்து வந்தவன்’ என்று அது ஒதுங்கி நிற்கவில்லை, கண்ணும் அதைத் தீண்டமாட்டேன் என்று சொல்லவில்லை. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நாம் வைத்த வரிசை. இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். திண்ணனாரின் அன்பு தம்பியிடம் இல்லை. கோயிலுக்குத் தீபாவளி, பொங்கல் என்று வருகிறவன். அன்பின் பொருட்டுத்தான் வாயின் குறை பொறுக்கப்பட்டது என்றால், இவன் வாயில் எதை யார் பொறுத்தார்கள்? பொறுக்க வேண்டிய குறை அங்கே முதலிலிருந்தே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புராணத்திலும், காளத்தியில் ஆசாரத்தோடு பூசை செய்துவந்த சிவகோசரியாரின் கனவில் வந்த இறைவன் ‘மன்னித்தேன்’ என்று சொல்லவில்லை. அந்த வாய்நீர் கங்கையைவிடத் தூயது என்றார். முப்பது வருஷமாக அதை அன்பின் மிகைப்பேச்சாகவே சொல்லிவந்திருக்கிறேன். அவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்.

இறைவன் கண்ணில் ரத்தம் வழிவதைக் கண்டு தன் கண் ஒன்றை அகழ்ந்து அப்பிய திண்ணனார், இரண்டாவது கண்ணை அகழ்வதற்கு முன், இடம் தெரிய வேண்டுமே என்று காலைத் தூக்கி இறைவன் கண்ணில் ஊன்றினார். காலும் கண்ணும் அந்த நொடியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

இந்தத் தையில் தம்பி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். வாயில் தண்ணீர் முகந்த இடம் வந்தது. வழக்கமான வாக்கியத்தைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஒளிந்து நின்று எல்லாவற்றையும் கண்ட சிவகோசரியாரைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். ஐந்து நாளும் சந்நிதியைக் கழுவிக் கழுவி மனம் நொந்தவர் அவர். ஆறாம் நாள் கண்டுவிட்டார். ஏழாம் நாள் காலையிலும் பூசை உண்டே, குடத்தோடு ஆற்றங்கரைக்குப் போயிருப்பார். தண்ணீரில் குனிந்தபோது அவர் கை என்ன செய்திருக்கும் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன். யாரும் பேசவில்லை. தம்பி தலையை மெல்லத் திருப்பி என்னைத் தேடிக்கொண்டிருந்தான்.