மஞ்சள் புள்ளி

எங்கள் அலுவலகம் சென்னை துரைப்பாக்கத்தில் ஏழாவது மாடி. மேற்கு ஜன்னல்களுக்கு நேரே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஆறு வருடமாக அங்கே உட்கார்ந்திருந்தும் நான் அதைப் பார்த்ததில்லை. மானிட்டரில் வெயில் கூசுகிறதென்று பிளைண்ட்ஸை எந்நேரமும் இறக்கியே வைத்திருப்போம்.

ஒருநாள் அதன் கயிறு அறுந்தது. சரிசெய்ய ஆள் வர ஒன்பது நாளாயிற்று. அந்த ஒன்பது நாளும் எனக்கு வேலை கொஞ்சம் மந்தமாகத்தான் ஓடியது, ஒப்புக்கொள்கிறேன். கோரைக்கு நடுவே நாமக்கோழிகள், கூழைக்கடாக்கள். ஒரு காலை தூரத்துத் தண்ணீரில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு. கீழே வாசல் செக்யூரிட்டியிடம் கேட்டேன். "பூநாரை சார். தண்ணி வத்த ஆரம்பிச்சா வரும்" என்றார். ஆச்சரியம் என்னவென்றால், அந்த வாரம் சாயங்காலத் தலைவலி வரவில்லை.

1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர் 'சயின்ஸ்' இதழில் ஒரு சின்ன ஆய்வை எழுதினார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை முடிந்த 46 பேர். பாதிப்பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கேப்லன் தம்பதி இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள்: இழுத்துப் பிடித்துச் செலுத்தும் கவனம் களைத்துப்போகும், இலையும் நீரும் நம் கவனத்தை வலிக்காமல் வாங்கிக்கொள்ளும், அந்த நேரத்தில் களைத்தது தேறிவிடும்.

எங்கள் நிறுவனத்துக்கும் இதெல்லாம் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை ஈ.சி.ஆர். ரிசார்ட்டுக்கு பஸ் வைப்பார்கள். மரக்கன்று, மூச்சுப்பயிற்சி, குரூப் போட்டோ, வருகைப் பதிவு. திரும்பும் வழியில் பஸ் முழுக்க லேப்டாப் வெளிச்சம். இவ்வளவுக்கும் வாசலிலேயே சதுப்பு நிலம் கிடக்கிறது, 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. முன்பு இதைவிடப் பல மடங்கு விரிந்திருந்ததாம். குப்பைமேடு ஒரு பக்கம் தின்றது போக, எங்களைப் போன்ற கட்டடங்கள் மறுபக்கம் தின்றன. 2015 வெள்ளத்தில் பேஸ்மென்ட்டில் தண்ணீர் நின்றதைப் பழைய ஆட்கள் ஏதோ அநியாயம் நடந்ததுபோலச் சொல்வார்கள். தண்ணீர் தன் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிளைண்ட்ஸ் சரியானதும் தினம் டீ நேரத்தில் கீழே இறங்க ஆரம்பித்தேன். மத்தியான வெயிலில் எவனால் முடியும்? ஐந்தரைக்குக் காற்று திரும்பும்; சில நாள் குப்பைமேட்டு நாற்றமும் கூடவே வரும். அதுவல்ல தொந்தரவு. சாட்டில் என் பெயருக்குப் பக்கத்துப் பச்சைப் புள்ளி பத்து நிமிடத்தில் 'ஆளில்லை' என்று மஞ்சளாகிவிடும். நிற்பது தண்ணீர் ஓரம், நினைப்பெல்லாம் அந்தப் புள்ளிமேல். மேனேஜரிடம் சொல்லிவிட்டே போகலாமென்று கேட்டேன். நல்ல மனிதர். "தாராளமா போங்க. போனை மட்டும் கையில வச்சுக்குங்க" என்றார்.

எனக்கு மரமும் பறவையும் குறைவாக இல்லை. யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத அரைமணி நேரம்தான் இல்லை. அதை எந்த ரிசார்ட்டிலும் வாங்க முடியாது, மேலே இருப்பவர் மனசார விட்டுக்கொடுத்தால்தான் உண்டு.

இதைத்தான் ஒரு சாயங்காலம் செக்யூரிட்டியிடம் வேறு மாதிரி சொன்னேன்: "உங்களுக்கென்னங்க, நாள் பூரா வெளிக்காத்து."

தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "பன்னெண்டு மணி நேரம் சார். உள்ள ஏசில அஞ்சு நிமிஷம் உக்கார விட்டா போதும்."

கேட்டில் ஹாரன் அடித்தது. எழுந்து போனார்.